மெயில் ஆப்புக்குள்ளேயே காலண்டர் இருக்க வேண்டுமா?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கங்க. ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மனியில் ஒரு பையர். வாரா வாரம் திங்கட்கிழமை, அவர்கள் நேரம் காலை 10 மணிக்கு வீடியோ மீட்டிங். நமக்கு மதியம் 2.30. ஆர்டர் தொடங்கிய நவம்பரில் அதற்கு ஒரு அழைப்பு மெயில் அனுப்பினார்கள். கம்பெனியில் போட்டுக் கொடுத்த மெயில் ஆப்பில் அது வெறும் இணைப்பாக வந்தது. தொட்டால், இந்தக் கோப்பைத் திறக்க முடியாது என்று வந்தது. சரி என்று போனில் இருந்த காலண்டரைத் திறந்து, திங்கள்தோறும் 2.30 என்று கையால் போட்டு வைத்தேன். நாலு மாதம் ஒரு சிக்கலும் இல்லை.

மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள். மறுநாள் அவர்களுடைய 10 மணி நமக்கு 1.30 ஆகிவிட்டது. நான் அப்போது சாயப்பட்டறையில் இருந்தேன். நேவி ப்ளூ லேப் டிப், அதாவது நிறத்துக்கு ஓகே வாங்கச் சாயமேற்றி அனுப்பும் மாதிரித் துண்டு, மூன்று முறை ரிஜெக்ட் ஆகியிருந்தது. நாலாவது துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பழைய துண்டோடு ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது: இருபது நிமிடம் காத்திருந்தோம், நீங்கள் வரவில்லை என்று. அந்த மீட்டிங்கில்தான் பி.பி. சாம்பிளுக்கு, அதாவது உற்பத்திக்கு முந்தின மாதிரிக்கு, ஓகே சொல்வதாக இருந்தார்கள். அது ஒரு வாரம் தள்ளிப்போனது. பி.பி. ஓகே ஆகாமல் கட்டிங் போட முடியாது. கட்டிங் தள்ளிப்போனால் தையல், பேக்கிங் எல்லாம் தள்ளும். தூத்துக்குடியில் கப்பல் நமக்காக நிற்காது.

என் கருத்து இதுதான்: மெயில் வருகிற ஆப்பிலேயே காலண்டர் இருந்திருந்தால் நான் கையால் எழுதியிருக்க மாட்டேன், நேரமும் தவறியிருக்காது. மொபைலில் வருகிற எல்லா மெயில் ஆப்பிலும் காலண்டர் கட்டாயம் உள்ளேயே இருக்க வேண்டும் என்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன் அக்கா. நாங்கள் தென்னைநார் கட்டி அனுப்புகிறோம், எங்கள் பையர் அமெரிக்கா. அங்கே கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாவது ஞாயிறு, திரும்ப வைப்பது நவம்பர் முதல் ஞாயிறு. நியூயார்க் காலை 8 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு மாலை 6.30, மற்ற நாட்களில் 5.30. ஐரோப்பா ஒரு தேதியில் மாறும், அமெரிக்கா வேறு தேதியில் மாறும். இரண்டு பக்கமும் வியாபாரம் செய்பவர்களுக்கு நடுவில் வருகிற அந்த இரண்டு மூன்று வாரம் தலைவலிதான்.

நான் மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் மெயில் ஆப்பைப் பயன்படுத்துகிறேன். கீழே காலண்டருக்கு ஒரு பட்டன் இருக்கிறது. அழைப்பு வந்தால் மெயிலிலேயே சம்மதம் கொடுக்கலாம், அது தானாக அந்த நாளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஜோஹோ மெயில் ஆப்பிலும் மெயில், காலண்டர், தொடர்புகள் எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. அப்புறம் எதற்குத் தனித்தனியாக அலைய வேண்டும்?


கருவூர்க்காரன் (கரூர்)

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தங்கச்சி. உங்களுக்குக் காலண்டர் இல்லாததால் பிரச்சினை. எனக்கு அது உள்ளே இருந்ததால்தான் பிரச்சினை வந்தது. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிறோம். நான் வைத்திருந்த மெயில் ஆப்பில் காலண்டர் உள்ளேயே இருந்தது. ஆபீஸ் மெயிலில் வருகிற அழைப்பெல்லாம் அதில் விழும். வீட்டு விஷயங்களை என் மனைவியும் நானும் வேறொரு காலண்டரில் சேர்ந்து எழுதி வைக்கிறோம். இரண்டு காலண்டரும் ஒன்றையொன்று பார்க்காது, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பையர் மில்லைப் பார்க்க வருவதாக ஒரு வெள்ளிக்கிழமையைக் கேட்டிருந்தார். மெயிலைத் திறந்தேன். அழைப்புக்குக் கீழேயே அன்றைய நாள் தெரிந்தது, காலை முதல் இரவு வரை வெள்ளையாக இருந்தது. சம்மதம் கொடுத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் தங்கை மகளுக்குத் தெரட்டிச் சீர், அதாவது பூப்புனித நீராட்டு விழா. தாய்மாமன் நான்தான், வேறு ஆள் கிடையாது. நான் சீர்த்தட்டோடு போய் நிற்காமல் அங்கே எதுவும் தொடங்காது. பையர் ஊரிலிருந்து கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மில்லைச் சுற்றிக் காட்டும் வேலையை என் தம்பியிடம் விட்டுவிட்டுச் சீருக்குப் போனேன். பையர் முகம் கொடுக்கவில்லை என்று தம்பி சொன்னான். தங்கைக்கும் நான் அவசர அவசரமாக வந்து நின்றதில் வருத்தம். அந்தப் பிள்ளையின் சீர்ப் புகைப்படங்களில் பார்த்தால் நான் எல்லாவற்றிலும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நாள் காலியாக இருக்கிறது என்று ஒரு ஆப் காட்டினால், உண்மையிலேயே காலியாக இருக்க வேண்டும். பாதி வாழ்க்கையை மட்டும் பார்க்கிற காலண்டரை மெயிலோடு ஒட்டிக் கொடுப்பதைவிட, கொடுக்காமலே இருக்கலாம்.


சோமனூர் தறி (சோமனூர்)

எனக்கு மெயில் மட்டும் போதும். போன் பழசு, இடமே இல்லை. ஜாப் ஆர்டர் விவரம் மெயிலில் வருகிறது, நாளைச் சுவரில் எழுதிக்கொள்கிறேன். காலண்டர் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், வேண்டாதவர்கள் அதை மூடி வைக்கவாவது வழி விடுங்கள்.


கீரணத்தம் (கோவை)

நான் ஆப் எழுதுகிற வேலையில் இருக்கிறேன், மெயில் ஆப் ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அக்கா சொன்னதும் அண்ணா சொன்னதும் வெவ்வேறு கோளாறு மாதிரி தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் புரியும்.

அக்காவுக்கு வந்த அந்த இணைப்பு ஐ-காலண்டர் என்கிற பொது வடிவம். 1998-ல் ஆர்எஃப்சி 2445 என்ற இணைய விதி ஆவணமாக வகுத்தார்கள், 2009-ல் திருத்தி ஆர்எஃப்சி 5545 ஆக்கினார்கள். அழைப்பை அனுப்புவது, ஏற்பது, மாற்றுவது, ரத்து செய்வது எப்படி என்பதற்கு ஒரு விதி, அதையெல்லாம் மெயில் வழியாகக் கொண்டுபோவது எப்படி என்பதற்கு இன்னொரு விதி, இரண்டும் அதே 1998-ல் வந்தவை. இவ்வளவு காலமாக இருக்கிற விதியை மதிக்காத ஆப்தான் அக்காவிடம் கோப்பைத் திறக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது.

அந்தக் கோப்புக்குள் ‘இந்திய நேரம் 2.30’ என்று இருக்காது. பெர்லின் நேரம் 10 மணி, திங்கள்தோறும் என்று, நேர மண்டலத்தின் பெயரோடு இருக்கும். அதை அப்படியே ஏற்றிருந்தால் மார்ச் கடைசி வாரம் அது தானாக 1.30-க்கு நகர்ந்திருக்கும். நீங்கள் கையால் எழுதியபோது பெர்லின் காணாமல் போய், வெறும் 2.30 மட்டும் மிஞ்சியது. உங்கள் மேல் தப்பில்லை அக்கா, யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

இப்போது காலண்டர் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி. ஆண்ட்ராய்டில் 4.0 வந்த 2011-லிருந்தே எல்லா ஆப்பும் பொதுவாகப் பயன்படுத்தும்படி போனுக்குள் ஒரு காலண்டர் கிடங்கு இருக்கிறது. ஐபோனிலும் உண்டு. மெயில் ஆப் அந்தக் கிடங்கில் எழுதினால், கிடங்கைப் பார்க்கிற எந்தக் காலண்டர் ஆப்பிலும் அந்த நாள் தெரியும். மெயில் ஆப் தனக்கென்று சொந்தப் பெட்டி வைத்துக்கொண்டால், கரூர் அண்ணாவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

இன்னொன்று, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மெயிலைக் கொண்டுவருகிற ஐமேப் நெறிமுறையில் காலண்டர் கிடையாது. காலண்டரை ஒத்திசைக்க கால்-டேவ் என்று வேறொன்று இருக்கிறது, அது 2007-ல் வந்தது. மாதாமாதம் திரும்பி வருவது, நடுவில் ஒரு நாள் மட்டும் மாறுவது, நேர மண்டலம் என்று அதற்குள் போனால் அது இன்னொரு முழு ஆப். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ‘மாதக் கடைசி வெள்ளி’ என்ற ஒரு விதியைச் சரியாக்க மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறோம். அந்த மூன்று வாரமும் மெயில் பக்கத்துப் பிழைகள் அப்படியே கிடந்தன.


தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

தம்பி, தனி காலண்டரை நம்பிப் போனவர்கள் கதையும் இருக்கிறதே. சன்ரைஸ் என்று ஒரு அருமையான காலண்டர் ஆப் வைத்திருந்தேன். மைக்ரோசாஃப்ட் 2015 பிப்ரவரியில் வாங்கியது. 2016-ல் மூடிவிட்டு, எல்லாரும் அவுட்லுக்குக்கு வாருங்கள் என்றார்கள். அந்த அவுட்லுக் மொபைல் ஆப்பே 2014 டிசம்பரில் அகாம்ப்ளி என்ற கம்பெனியை வாங்கி, அடுத்த மாதம் பெயர் மாற்றி விட்டதுதான். அதாவது இந்தத் தொழிலில் இருப்பவர்களே கடைசியில் இரண்டையும் ஒன்றாகத்தான் சேர்த்தார்கள். மக்களுக்கு வேண்டியது அதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. சில கம்பெனிகளில் ஆபீஸ் கணக்கைப் போனிலேயே நேரடியாகச் சேர்த்தால், வேலையை விட்டுப் போகும்போது போன் முழுவதையும் தூரத்திலிருந்தே அழிக்கிற அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். அவுட்லுக் மாதிரி ஆப்புக்குள் வைத்திருந்தால் அந்த ஆப்பில் இருப்பது மட்டும்தான் அழியும், பிள்ளைகளின் போட்டோ பத்திரமாக இருக்கும். உள்ளேயே காலண்டர் வைப்பதில் இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது.


கீரணத்தம் (கோவை)

அழிப்பது பற்றி நீங்கள் சொன்னது சரிங்ணா. அதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. கம்பெனி கணக்குக்கு மட்டும் தனிப் பெட்டி என்றால் நியாயம்தான். ஆனால் சம்மதம் கேட்கும் இடத்தில் போன் கிடங்கையும் பார்த்து, ‘அன்று உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது’ என்றாவது சொல்ல வேண்டும். என்ன வேலை என்று சொல்ல வேண்டியதில்லை.

சன்ரைஸ் மூடியபோது நானும் வருத்தப்பட்டேன். ஆனாலும் அதிலிருந்த நாட்கள் அழியவில்லை, அவை கூகுளிலோ மற்ற கணக்கிலோதான் இருந்தன. ஆப் போனாலும் நாள் போகாமல் இருந்ததற்குக் காரணம், நாள் ஆப்புக்குள் இல்லை என்பதுதான்.

இன்னொரு உதாரணம் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள். கம்ப்யூட்டரில் ஓடும் தண்டர்பேர்டில் 2020-ல் வந்த 78-ம் பதிப்பிலிருந்து காலண்டர் முழுக்க உள்ளேயே சேர்ந்துவிட்டது. அதற்கு முன்னால் அது லைட்னிங் என்ற தனித் துணைநிரலாக இருந்தது. அதே தண்டர்பேர்ட், கே-9 மெயில் என்ற ஆண்ட்ராய்டு ஆப்பை அடித்தளமாக வைத்து 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது காலண்டர் இல்லாமல்தான் வந்தது. கம்ப்யூட்டரில் எல்லாருக்கும் பொதுவான கிடங்கு என்று எதையும் நம்ப முடியாது, அதனால் உள்ளே வைத்தது அவசியம். போனில் கிடங்கு முதலிலிருந்தே இருக்கிறது. கம்ப்யூட்டரில் சரியானது போனிலும் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை.


மஞ்சள்மண்டி (ஈரோடு)

அம்மிணி, தம்பிகளா, எல்லாவற்றையும் படித்தேன். வயது அறுபத்தெட்டு, போனில் மெயில் மட்டும்தான் பார்ப்பேன்.

எங்கள் மண்டியில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். என் அப்பா காலத்திலிருந்து அதே ஆணி. ஏலம் எந்த நாள், யாருக்குப் பணம் கொடுக்க வேண்டும், யார் வீட்டுக் கல்யாணம், மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நடுவது என்றைக்கு, எல்லாம் அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலில் இருக்கும். வேலையாள் எழுதுவான், நான் எழுதுவேன், வீட்டிலிருந்து அம்மா சொல்லி அனுப்பினாலும் அதில்தான் எழுதுவோம். ஒரு வருடம் என் மகன் அழகாக இருக்கிறதென்று இன்னொரு காலண்டரை உள் அறையில் மாட்டினான். அந்த வருடம்தான் ஒரே நாளில் இரண்டு பேருக்குப் பணம் தருவதாகச் சொல்லிவிட்டு, ஒருவரை மறுநாள் வரச் சொல்ல வேண்டியதாயிற்று. வந்தவர் கோபிப் பக்கத்துக் குடியானவர், பஸ் பிடித்து வந்திருந்தார். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தேன், ஒன்றும் பேசாமல் குடித்துவிட்டுப் போனார். எனக்கு அது இன்னும் மறக்கவில்லை. உள் அறைக் காலண்டரை அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். மெயில் காலண்டரில் ராகு காலம் தெரியுமா? திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை யாரும் எங்களிடம் பேரம் பேச வரமாட்டார்கள். பையன்கள் அந்த நேரத்தில் மீட்டிங் போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள்.


கீரணத்தம் (கோவை)

ஐயா, ராகு காலம் கிழமையை வைத்து வருவதால் அதை வாராந்திரப் பதிவாகப் போனில் ஒரு முறை போட்டால் போதும். திங்கள் 7.30, செவ்வாய் 3, புதன் 12, வியாழன் 1.30, வெள்ளி 10.30, சனி 9, ஞாயிறு 4.30, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். முகூர்த்தம், நோம்பியெல்லாம் வருடா வருடம் மாறும், அதற்கு ஒரு ஐ-காலண்டர் கோப்பு செய்து யாராவது பகிர்ந்தால் எல்லாரும் சந்தா போல இணைத்துக்கொள்ளலாம். ஆனால் கவனியுங்கள், இதெல்லாம் போனின் பொதுக் கிடங்கில் இருந்தால்தான் பலன். மெயில் ஆப்பின் சொந்தப் பெட்டிக்குள் இதை யாரும் கொண்டுவந்து வைக்கப்போவதில்லை.


நொய்யல்கரை (திருப்பூர்)

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் ஆபீஸிலும் சுவரில் டி அண்ட் ஏ ஷீட் ஒட்டியிருக்கிறோம், நூல் வருவது முதல் கண்டெய்னர் ஏறுவது வரை எந்த வேலை எந்தத் தேதியில் என்கிற அட்டவணை. அதைத் தவிர எக்செல்லில் ஒன்று, என் போனில் ஒன்று, சாரின் போனில் ஒன்று. நாலிலும் நாலு தேதி.

தம்பி, ஒரு சந்தேகம். போன மாதம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் தேதியைப் பையர் மூன்று முறை மாற்றினார். வேறொரு ஆப்பில் ஒவ்வொரு மெயிலையும் தொட்டுத் தொட்டுச் சேர்த்தேன். கடைசியில் காலண்டரில் மூன்று இன்ஸ்பெக்‌ஷன் நின்றது. பேக்கிங் பிள்ளைகள் முதல் தேதியைப் பார்த்துவிட்டு ராத்திரி ஷிஃப்ட் போட்டு அட்டைப்பெட்டி கட்டினார்கள். அது ஏன் அப்படி ஆனது?


கீரணத்தம் (கோவை)

அந்த ஆப் அரைகுறையாகச் செய்திருக்கிறது அக்கா. ஒவ்வொரு அழைப்புக்கும் யூஐடி என்று ஒரு அடையாள எண் உண்டு. தேதியை மாற்றி அனுப்பினாலும் அந்த எண் மாறாது, சீக்வென்ஸ் என்ற இன்னொரு எண் மட்டும் ஒன்று கூடும். ஒழுங்கான ஆப் அதே யூஐடியைத் தேடிப் பிடித்து, பழைய தேதியை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். ரத்து என்று வந்தால் நீக்கிவிடும். உங்கள் ஆப் எதையும் பார்க்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டிருக்கிறது.

நீங்கள் சம்மதம் கொடுத்தால் அந்தப் பதிலும் மெயிலாகத்தான் பையருக்குப் போகிறது. அதனால்தான் மெயில் ஆப் இதில் ஒதுங்கி நிற்க முடியாது என்று நினைக்கிறேன். அழைப்பைப் படிக்க வேண்டும், பதில் அனுப்ப வேண்டும், மாற்றத்தை மாற்றமாகவே புரிந்துகொள்ள வேண்டும், அன்றைய நாளைப் போனிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். மாதக் கட்டம், நினைவூட்டல் மணி, நிறம் எல்லாம் காலண்டர் ஆப் பார்த்துக்கொள்ளட்டும்.


சோமனூர் தறி (சோமனூர்)

தானாகச் சேர்ப்பது ஆபத்து இல்லையா? என் மச்சானுக்கு ஒரு சமயம் பரிசு விழுந்திருக்கிறது என்று காலண்டரில் தினமும் மணி அடித்தது. அவர் எதையும் தொடவே இல்லை.


கீரணத்தம் (கோவை)

ஆமாங்க, 2019-ல் கூகுள் காலண்டரில் இது பெரிய தொல்லையாக இருந்தது. அழைப்பு வந்தாலே நாளில் ஏறிக்கொள்ளும்படி இருந்ததைக் குப்பை மெயில் ஆட்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 2022-ல் தெரிந்தவர்கள் அனுப்பினால் மட்டும் சேர்க்கலாம் என்று ஒரு தேர்வு கொடுத்தார்கள். அமைப்புகளில் போய் மாற்றி வையுங்கள். நாம் சம்மதம் கொடுக்கும் வரை எதுவும் உள்ளே போகக்கூடாது.

அனுமதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டில் காலண்டரைப் படிக்க அனுமதி கொடுத்தால் அந்த ஆப்புக்கு எல்லாமே தெரியும், ஆஸ்பத்திரி போகிற நாள் உட்பட. ஐபோனில் 2023-ல் வந்த ஐஓஎஸ் 17-லிருந்து ‘சேர்க்க மட்டும்’ என்று ஒரு அனுமதி இருக்கிறது. நம்பிக்கையில்லாத மெயில் ஆப்புக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


கருவூர்க்காரன் (கரூர்)

தம்பி சொல்கிற மாதிரி ஒரு ஆப் கிடைத்தால் நான் காசு கொடுத்தே வாங்குவேன். சம்மதம் கொடுக்கும் பட்டனுக்கு மேலே ‘அன்று தெரட்டிச் சீர்’ என்ற ஒரு வரி தெரிந்திருந்தால் எனக்குப் போதும்.


நொய்யல்கரை (திருப்பூர்)

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் காலண்டர் கட்டாயம் உள்ளேயே இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது, அழைப்பைச் சரியாகப் படித்துப் போனில் இருக்கிற ஒரே காலண்டரில் வைக்கிற மெயில் ஆப்.

பையரிடம் மன்னிப்புக் கேட்டு, அழைப்பை மறுபடி அனுப்பச் சொன்னேன். கையால் போட்ட 2.30 பதிவை முழுக்க அழித்தேன். சாரிடம் பேசி வேறு மெயில் ஆப்புக்கு மாறினோம். அதில் அழைப்பை ஏற்றதும் போன் காலண்டரிலேயே விழுந்தது. தானாக நகரும் என்று தம்பி சொன்னதைச் சோதிக்க, ஐரோப்பாவில் கடிகாரத்தைத் திரும்ப வைக்கிற அக்டோபர் மாதத்தைத் தள்ளிப் பார்த்தேன். கடைசி ஞாயிற்றுக்கு முந்தின திங்கள் 1.30, அடுத்த திங்கள் 2.30. தானாகவே மாறியிருக்கிறது. பக்கத்து சீட் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் போனிலும் நான்தான் மாற்றிக் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்‌ஷன் தேதியையும் சோதித்தோம். பையரின் ஆபீஸில் ஒருவர் பொறுமையாக இரண்டு முறை தேதியை மாற்றி அனுப்பினார். காலண்டரில் ஒன்றுதான் நின்றது.

பழைய ஆப் செய்தவர்களுக்கும் நீளமாக எழுதியிருக்கிறேன், திட்டவில்லை. கரூர் அண்ணா கேட்ட அந்த ஒரு வரியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

நாளைக்குத் திங்கட்கிழமை. நேவி ப்ளூ ஓகே ஆகிவிட்டது, இப்போது மெரூன் ஓடுகிறது. பன்னிரண்டே முக்காலுக்குச் சாயப்பட்டறையிலிருந்து கிளம்பிவிடுவேன்.